மயிலுக்கு வைத்த சோளம்

முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு, தலைமேல் இருக்கிற மூக்குக்கண்ணாடியை வீடெல்லாம் தேடுகிற வயசுக்கு வந்துவிட்ட என் சோட்டுக்காரர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நம் ஊர்ப் புஞ்சைப் பக்கம் நரி ஊளையிட்டதைக் கடைசியாக எப்போது கேட்டீர்கள்? நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன், நினைவில்லை. செருப்பில் ஒன்று தொலைந்தால் ஊரைக் கூட்டுகிறோம். நரி தொலைந்தது ஒருவருக்கும் தெரியவில்லை.

போன வாரம் என் மகன் செல்போனைப் பார்த்தபடி, "உலகம் பூராவும் காட்டு உயிர்கள் குறைஞ்சுக்கிட்டே வருதாம்மா" என்றான். "அப்ப நம்ம புஞ்சையில பயறு திங்கிற மயிலெல்லாம் வானத்துல இருந்தா குதிச்சிது?" என்று கேட்டேன். எனக்கு எகத்தாளம் கொஞ்சம் கூடுதல், உங்களுக்குத் தெரியும். அவன் கோபப்படாமல் விளக்கினான். ஆட்டைத் தூக்குது என்று நரிக்கு நாம் கறியில் மருந்து வைத்துத் தீர்த்தோம். மயில் குஞ்சைப் பிடிக்க ஆளில்லாமல் போனது. ஊரெல்லாம் சீமைக்கருவேலத்தை வளரவிட்டோம். மயில் அடைய இடமும் கிடைத்தது. மயில் கூடியிருப்பதற்கே நரி போனதுதான் காரணமாம். அவன் சொல்வது சரிதான். கழுகுமலை நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதன் பெயரில் இருக்கிற பறவையை நான் அண்ணாந்து பார்த்தது எந்தக் காலத்திலோ. மாட்டுக்குப் போட்ட வலி ஊசி, மாடு செத்த பிறகு அதைத் தின்ற கழுகையும் கொன்றதாம்.

உலகத்துக் கணக்கு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது தொண்ணூறுகளில் ஒரு ஐப்பசி மாதம். எனக்குப் பதினோரு வயது. அந்த மாதம் எங்கள் குடும்பம் மயிலைக் கொல்லக் கிளம்பியது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

வீட்டில் நாங்கள் நாலு பேர். பெரியப்பா, அப்பா, அம்மா, நான். பெரியம்மா நான் பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்டார். பெரியப்பா மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புஞ்சை அண்ணன் தம்பி இருவருக்கும் பொது என்றாலும் சொல் பெரியப்பாவுடையது. அவர் தொண்டையைச் செருமினால் அப்பா எழுந்து நின்றுவிடுவார். ஐப்பசி பிறந்தால் பெரியப்பா கழுத்தில் ஒரு மாலை ஏறும். திருச்செந்தூரில் சஷ்டி விரதம் இருப்பதற்குப் போடுகிற மாலை. அது கழுத்தில் இருக்கிறவரை செருப்புப் போட மாட்டார், ஒருபொழுதுதான் சாப்பிடுவார், மேலே எறும்பு ஊர்ந்தாலும் ஊதித்தான் விடுவார். கோபம் மட்டும் மாலைக்குக் கட்டுப்படாது.

அம்மா வயல் வேலை போக மற்ற நேரமெல்லாம் தீப்பெட்டி ஒட்டுவாள். எங்கள் வீட்டில் எதைத் தொட்டாலும் பசை இருக்கும். என் கணக்கு நோட்டு, கதவுத் தாழ்ப்பாள், அப்பாவின் சட்டைப் பித்தான் எல்லாவற்றிலும் காய்ந்த பசை உரிந்து வரும். அதை உரிப்பதில் ஒரு சுகம் இருந்தது.

முந்தின வருசம் கார்த்திகையில் உளுந்துக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தபோது, நாய் விரட்டி ஒரு பெட்டை மயில் கூட்டைவிட்டு ஓடிற்று. இரண்டு நாள் பார்த்தோம், திரும்பவில்லை. நாலு முட்டை. அம்மா முந்தானையில் எடுத்து வந்து, அடைக்கு உட்கார்ந்திருந்த கருப்புக் கோழிக்குக் கீழே வைத்துவிட்டாள். நம் பக்கத்தில் பலர் செய்கிற காரியம்தான். இரண்டு பொரித்தது. ஒன்றைக் காக்கா தூக்கிற்று. மிஞ்சிய பெட்டைக் குஞ்சுக்கு நான்தான் காவல்.

கருப்புக் கோழி பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். மூன்று மாதத்தில் குஞ்சு தாயைவிட உயர்ந்துவிட்டது. கோழி விடவில்லை. சாயங்காலமானால் இறக்கையைத் தூக்கிக்கொண்டு கூப்பிடும். மயிலும் வந்து தலையை மட்டும் அந்த இறக்கைக்குள் வைத்துக்கொண்டு, மற்ற உடம்பெல்லாம் வெளியே கிடக்க நிற்கும். அதற்குள் நான் அவசரத்தில் கதவைச் சாத்தி அதன் வலது கால் நடு விரல் நுனியை நசுக்கிவிட்டேன். நுனி போய்விட்டது. இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை. ஆடிக் காற்றில் அது ஓட்டுக்கூரைமேல் ஏறியது. ஆவணியில் ஓடைக்கரைக் கருவேலத்துக்குப் போய்க் காட்டு மயில்களோடு சேர்ந்துகொண்டது. கூப்பிட்டால் மட்டும் கிட்டே வரும்.

இனி விதைப்பு. கரிசல் நனைந்துவிட்டால் பிசினாகிவிடும், ஏர் இறங்காது. அதனால் மழைக்கு முன்பே புழுதியில் விதையைப் போட்டு மூடிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது நம் பக்கத்து வழக்கம். மழை சொன்ன நாளில் வந்தால் மகராசன். அந்த வருசம் வரவில்லை. புரட்டாசிக் கடைசியில் உளுந்தும் சோளமும் விதைத்தோம். ஐப்பசி பிறந்தும் நிலத்து வெடிப்பு மூடவில்லை. என் பச்சை ரப்பர் வளையல் ஒன்று அந்த வெடிப்பில் விழுந்து, குச்சி விட்டுத் துழாவியும் கிடைக்கவில்லை.

மரத்திலிருந்து விழுந்தவனை மாடு மிதித்த கதையாக, மயில் வந்தது. மழை பெய்திருந்தால் விதை முளைத்திருக்கும். பெய்யாததால் புழுதிக்கடியில் அப்படியே கிடந்தது. மயில்கள் உழவுச் சால் சாலாகக் கிளறிக்கொண்டு போயின. தகரத்தைத் தட்டினோம். சட்டி வைத்த பொம்மை நட்டோம். அப்பா தன் பாட்டு கேசட்டுகளை உடைத்து நாடாவை உருவி வயலைச் சுற்றிக் கட்டினார். காற்றில் அது விர்ரென்று அதிரும், வெயிலில் மின்னும், பறவை பயப்படும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். முருகன் பாட்டு கேசட்டை மட்டும் உடைக்கவில்லை. மூன்று நாள் மயில்கள் பயந்தன. நாலாம் நாள் நாடாவுக்கு அடியில் நிழலுக்கு உட்கார்ந்திருந்தன. நான் புழுதியில் காலடியைப் பார்த்துக்கொண்டே போனேன். நடு விரல் குட்டையான தடம் எல்லாச் சாலிலும் இருந்தது. யாரும் பார்ப்பதற்குள் அதைக் காலால் அழித்தேன்.

ஒரு மதியம் பெரியப்பா கோவில்பட்டிக்குப் போய்வந்தார். பையிலிருந்து ஒரு மருந்துப் பாட்டிலை எடுத்து அப்பா முன்னால் வைத்தார். பருத்திக்கு அடிக்கிற மருந்து. கொடிய விஷம் என்பதற்கு அடையாளமாகச் சிவப்பு முக்கோணம் போட்டிருந்தது.

"ஏலே, சோளத்துல இதக் கலந்து ஓடைக்கரையில வச்சிரு. நான் மாலை போட்டிருக்கேன். நான் தொடக் கூடாது."

அப்பா பாட்டிலைத் தொடவில்லை. "மயிலுண்ணே. முருகன் வாகனம்" என்றார்.

"வாகனம்னா கோயில்ல நிக்கணும். எம் புஞ்சையில என்ன சோலி அதுக்கு?" பெரியப்பா குரல் உயர்ந்தது. "மறு விதைப்புக்குத் தகர டின்னுல கிடக்கதுதான் மிச்சம். அதையும் கொத்திட்டுன்னா வருசம் பூரா எதத் திங்க? தீப்பெட்டியத் திங்கவா?"

அவர் சொன்னதில் பொய்யில்லை. அந்த டின்தான் எங்கள் வருசம். ஆனால் இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. பாம்பும் சாக வேண்டும், கம்பும் முறியக் கூடாது. மயிலும் சாக வேண்டும், மாலையும் சுத்தமாக இருக்க வேண்டும். தம்பி கையால் செய்தால் பாவம் தம்பிக்குப் போய்விடும் என்று அவ்வளவு பெரிய மனுசர் நம்பியிருக்கிறார்.

அப்பா பாட்டிலை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனார். சாயங்காலம் ஒரு துணி மூட்டையோடு வந்தார். மருந்து வாடை எனக்கு மூக்கில் ஏறியது. மூட்டையை அம்மாவிடம் நீட்டினார்.

"காலையில புல்லறுக்கப் போறப்ப இதக் கரையில தூவிரு. எனக்குக் கடைத்தெருவுல சோலி இருக்கு."

"உங்க கை என்ன சுளுக்கிக்கிட்டா?"

"அண்ணன் சொல்லிட்டாவட்டி."

"அப்ப அவியளே வைக்கட்டும்."

"அவிய மாலை போட்டிருக்காவல்லா?"

"நான் தாலி போட்டிருக்கேன்" என்றாள் அம்மா. அப்பா மூட்டையை நீட்டியபடியே நின்றார். கடைசியில் அம்மாதான் மூட்டையை வாங்கித் தொழுவத்துத் தூணில் தொங்கவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

நான் கோழி அடைக்கிற பஞ்சாரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கரைக்கு ஓடினேன். மயிலைப் பிடித்து நாலு நாள் கூடைக்குள் அடைத்துவைத்தால் போதும் என்பது என் திட்டம். கூப்பிட்டேன். கருவேலத்து உச்சியிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தது. இறங்கவில்லை. இருட்டப் போகிறது என்று அம்மா வந்து காதைத் திருகி இழுத்துப் போனாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துப் பையோடு கிளம்பினவள் பள்ளிக்கூடம் போகவில்லை. நேராக ஓடைக்கரைக்குப் போனேன். அம்மா முன்னாலேயே வந்து போயிருந்தாள். கரை நீளத்துக்குச் சோளம் கிடந்தது.  உட்கார்ந்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்கத் தொடங்கினேன். டிபன் பாக்ஸிலிருந்த எலுமிச்சம்பழச் சாதத்தைக் காக்காய்க்குக் கொட்டிவிட்டுச் சோளத்தை அதில் போட்டேன். அது நிறைந்ததும் பையில் போட்டேன். கையைக் கழுவாமல் கண்ணைத் துடைக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. மயில்கள் வரும்போதெல்லாம் கல்லை விட்டெறிந்தேன். ஒரு பக்கம் விரட்டினால் அடுத்த பக்கம் இறங்கின. கரை நீளம், நான் ஒருத்தி.

வெயில் உச்சிக்கு வந்தபோது நான் ஓடைக்குள் இறங்கிக் கல் பொறுக்கிக்கொண்டு மேலே ஏறினேன். என் மயில் கரையில் நின்று தின்றுகொண்டிருந்தது. ஓடினேன். நான் வருவதைப் பார்த்து அது ஓடவில்லை. தீனி போட வருகிறேன் என்று நினைத்திருக்கும். அள்ளி எடுத்தேன். தொண்டைப் பை சோளத்தால் புடைத்திருந்தது, கையில் மணி மணியாகத் தட்டுப்பட்டது. அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அது காலால் பிறாண்டியதில் கையெல்லாம் ரத்தம்.

அம்மா நடுவீட்டில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"எம்மா, புளி கரைம்மா! சீக்கிரம் புளித்தண்ணி கரைம்மா!"

"என்னட்டி இது ரத்தம்? பள்ளிக்கூடம் போவலியா நீ?"

"அது தின்னுட்டும்மா. நீ வச்ச சோளத்தத் தின்னுட்டு. செத்துரும்மா. கக்க வைக்கணும், கரைம்மா!"

அம்மா என்னைப் பார்த்தாள், மயிலைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்ல. பெற்ற தாயை அந்த ஒரு நிமிசம் நான் வெறுத்தேன்.

"ஏட்டி, அது கோழிக்கு வச்சிருந்த சோளம்ட்டி. மருந்துச் சோளத்தக் கருவேலங்காட்டுக்குள்ள குழி தோண்டிப் பொதச்சிட்டேன். உங்க பெரியப்பா பாத்தா வச்ச மாதிரி இருக்கட்டும்னு நல்ல சோளத்தத் தூவிட்டு வந்தேன்."

நான் நம்பவில்லை. என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறாள் என்று நினைத்து இன்னும் சத்தமாக அழுதேன். அம்மா எழுந்து வந்து என் தோளில் தொங்கிய பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்தாள். பொறுக்கி வைத்த சோளத்தில் ஒரு கை அள்ளினாள். மண்ணை ஊதிவிட்டு வாயில் போட்டு மென்று விழுங்கினாள். வாயைத் திறந்து காட்டினாள்.

"போதுமா? நான் செத்தா அதுவும் சாவும். நான் சாவல."

அப்படியே என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மயிலைக் கீழே விட்டுவிட்டு அம்மா மடியில் விழுந்தேன். அவள் கைப் பசையெல்லாம் என் முடியில் ஒட்டியது.

வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. முழுவதையும் கேட்டிருக்கிறார்.

"எங்க பொதச்ச?" என்றார்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பொதச்சது பொதச்சதுதான். அண்ணங்கிட்டச் சொல்லணும்னா சொல்லிக்கிடுங்க. அந்தப் பாவத்த நான் சொமக்க மாட்டேன்."

"அதுக்கில்லட்டி." அப்பா தலையைச் சொறிந்தார். "அது நல்ல சோளம். ரெண்டு படி வீணாப் போச்சே."

"நல்ல சோளமா?"

"வாடைக்கு முடிச்சு மேல ரெண்டு சொட்டுத் தடவுனேன். பாட்டில் தொழுவத்துக் கூரையில அப்படியே சொருவி இருக்கு. அண்ணன் கேட்டா மருந்து வச்சேம்னு சொல்லணும்லா, அதான் உங்கிட்டக் குடுத்தேன்."

"எங்கிட்டச் சொன்னா என்ன?"

"சொன்னா நீ சிரிச்சுக்கிட்டே தூவுவ. அண்ணன் கண்டுபிடிச்சிருவாவ."

அம்மா அவரை முறைத்தாள். முறைப்பு நிலைக்கவில்லை. மூன்று பேரும் சிரித்தோம். இதற்குள் மயில் உலர வைத்திருந்த தீப்பெட்டிகளுக்கு நடுவில் புகுந்து, மிதித்து, எச்சமும் போட்டுவிட்டது. அம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அதை விரட்டினாள்.

அதற்குப் பிறகு ஆறேழு நாள் எங்கள் வீட்டில் நாடகம் நடந்தது. காலையில் பெரியப்பா, "வச்சாச்சாலே?" என்பார். அப்பா, "வச்சாச்சுண்ணே" என்பார். அம்மாவோ நானோ கரையில் நல்ல சோளத்தைத் தூவுவோம். அதில் ஒரு நல்லது நடந்தது. கரையிலேயே வயிறு நிறைந்ததால் மயில்கள் சாலுக்கு அவ்வளவாக இறங்கவில்லை. தகர டின்னைத் திறக்காமலே அந்த வருசம் தப்பித்தது. மழையும் தீபாவளி கழித்து நன்றாகவே பெய்தது.

ஆனால் பெரியப்பா நாளுக்கு நாள் ஒடுங்கிப் போனார். விடிந்ததும் கம்பை எடுத்துக்கொண்டு கரைக்குப் போவார். புதர் புதராக விலக்கிப் பார்ப்பார். திரும்பி வந்து கம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருபொழுதுச் சாப்பாட்டையும் பாதியில் வைத்தார். மயில் சாகவில்லையே என்று கோபம் போல என்று நாங்கள் நினைத்தோம். அவர் இருக்கிற பக்கம் நான் போகவே மாட்டேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லா வீடும் எங்கள் வீடு இல்லை. அந்த ஐப்பசியிலேயே இரண்டு ஊர் தள்ளி ஒரு கண்மாய்க்கரையில் ஏழெட்டு மயில் செத்துக் கிடந்ததை அப்பா பார்த்துவிட்டு வந்தார். தோகை மண்ணில் புரண்டு கிடந்ததாம். அதைப் பெரியப்பா முன்னால் சொன்னார். பெரியப்பா எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அன்றைக்கு அந்த ஒருபொழுதும் சாப்பிடவில்லை. இப்போதும் அவ்வப்போது பேப்பரில் அப்படி ஒரு படம் வருகிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்க்கிற அன்றைக்கு எனக்கும் சோறு இறங்காது.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, எனக்குப் பாவாடை சட்டைக்கு அளவு கொடுக்க வேண்டும் என்று பெரியப்பா என்னைக் கோவில்பட்டிக்குக் கூட்டிப்போனார். தையல் கடை முடிந்தது. அவர் பஸ்ஸ்டாண்டு பக்கம் திரும்பவில்லை. வெறுங்காலோடு விறுவிறுவென்று மருந்துக் கடைக்கு நடந்தார்.  குட்டு உடைந்தது, அப்பாவும் அம்மாவும் செத்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைக்காரர் வயசானவர். உரமூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து ரசீது எழுதிக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி" என்றார்.

"என்னய்யா மருந்து குடுத்தீரு?" பெரியப்பா போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் நின்றார்கள். "ஒரு வாரமா வைக்கேன். ஒரு மயிலு மயங்கக்கூட இல்ல. தின்னுட்டுக் கொழுத்துப் போய்த் திரியுது. கலப்பட மருந்த விக்கியளா?"

கடைக்காரர் பேனாவை மூடி வைத்தார். கோபப்படவில்லை.

"உக்காருங்க அண்ணாச்சி. மயிலுக்கா வாங்குனீக?"

"ஆமா."

"இதே பெட்டியில வந்த பாட்டிலப் பருத்திக்குன்னு எத்தனையோ பேரு வாங்கிட்டுப் போயிருக்காவ. பூச்சி பொத்துப் பொத்துன்னு விழுதுங்காவ. ஒருத்தரு குறை சொல்லல. மயிலுக்குன்னு வாங்குனவுக அத்தன பேரும் திரும்பி வந்து கலப்படம் கலப்படம்னு என்னயச் சத்தம் போடுதாவ. நீங்க எட்டாவது ஆளு."

பெரியப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். 

கடைக்காரர் அவர் கழுத்து மாலையைப் பார்த்தார். "உங்க கையால வச்சீகளா?"

"நான் எப்படி வைக்க? மாலை போட்டிருக்கேம்லா. தம்பிதான் வச்சான்."

"நேத்து வந்த அண்ணாச்சியும் மாலைதான். மச்சினனை வைக்கச் சொன்னாராம். அதுக்கு முந்தின நாளு ஒருத்தரு. அவிய சம்சாரம் வச்சாவளாம்." கடைக்காரர் மறுபடி பேனாவைத் திறந்தார். "மருந்துல ஒரு குறையும் இல்ல அண்ணாச்சி."

பெரியப்பா அங்கன கிடந்த உரமூட்டையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கையை எடுத்தபோது கண்ணீர் மீசைவரை வந்திருந்தது. முகம் சிரித்துக்கொண்டிருந்தது. அந்த மனுசர் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"முருகா" என்றார். "ஒண்ணும் சாவல. ஒண்ணுகூடச் சாவல."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காலையில் கம்பை எடுத்துக்கொண்டு அவர் புதரை விலக்கியது ஏமாற்றத்தில் இல்லை, பயத்தில். செத்த மயில் கண்ணில் பட்டுவிடுமோ என்கிற பயம். கடையில் போட்ட சத்தமும் அந்த மருந்து கொல்லாது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான். வைத்த மருந்தைத் திரும்ப எடு என்று தம்பியிடம் சொல்ல வாய் வரவில்லை, சொன்னால் அண்ணன் பெருமை போய்விடும். ஒரு வாரமாக அந்தப் பாவத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார். பாவம் தம்பி தலையில் ஏறவேயில்லை, அவர் தலையிலேயேதான் இருந்திருக்கிறது. எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு முன்பு அப்படிப் பிடித்ததில்லை.

கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். பெரியப்பா அண்ணாந்து குடித்தார். எனக்குக் குடிக்கக் கலர் வாங்கிக் கொடுத்தார், இரண்டு பாட்டில்.

எங்கள் ஊர் வழியாகப் போகிற புதூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கொஞ்ச தூரம் போனதும் குனிந்து என் காதில் கேட்டார். "ஏட்டி, மருந்து வைக்காம விட்டது யாரு? உங்க அப்பனா, அம்மையா?"

"ரெண்டு பேரும்" என்றேன். பிறகு, "நானும்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "நான் கேட்டேன்னு அவியகிட்டச் சொல்லாத. எனக்குத்தான் கேவலம். மருந்து கலப்படம்னே இருந்துட்டுப் போவட்டும்."

"சரி பெரிப்பா."

அதோடு அவர் தலை சாய்ந்தது. என் தோளில் விழுந்தது. வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். எத்தனை நாள் தூக்கமோ. எங்கள் நிறுத்தம் வந்தது. கண்டக்டர் விசில் ஊதினார். எனக்கு எழுப்ப மனசு வரவில்லை.  இரண்டு ஊர் தள்ளி அவராக விழித்துக்கொண்டு, "எங்கட்டி வந்திருக்கோம்?" என்றார். இறங்கித் திரும்பி நடந்தோம். வெறுங்காலில் அவ்வளவு தூரம் நடந்தும் அவர் என்னைத் திட்டவில்லை. வழியெல்லாம் இரண்டு பக்கமும் மயில் அகவிக்கொண்டிருந்தது.

வீட்டு வாசலுக்கு வந்ததும் பெரியப்பா மார்பை நிமிர்த்திக்கொண்டார். தொண்டையைச் செருமினார். உள்ளே அப்பா எழுந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"ஏலே, அம்புட்டும் கலப்பட மருந்துலே! கடைக்காரன் ஏமாத்திட்டான். இனிமே அந்தச் சனியன வாங்கவும் வேண்டாம், வைக்கவும் வேண்டாம்!"

அப்பா, "அப்படியாண்ணே, அநியாயமா இருக்கே" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்து, அந்தக் கடைக்காரரை எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாகத் திட்டினாள்.